குதிரை லாயத்தில் தொற்று நோய் பரவாமல் காப்பது எப்படி: மலைநாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த குதிரையின் முகத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, அதே துணியை வாளியில் அலசிப் பிழிந்து, பக்கத்துக் குதிரைக்கும் துடைத்துவிட்டான் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாசம்தான். இரண்டு வாரத்துக்குள் மேலும் மூன்று குதிரைகளுக்குத் தாடைக்கடியில் வீக்கம் கண்டது. அன்று எங்களிடம் மருந்துப் பெட்டி இருந்தது, வைத்தியரின் தொலைபேசி எண்ணும் இருந்தது. எந்தக் குதிரையைத் தொட்ட பிறகு எந்தக் குதிரையைத் தொடக்கூடாது என்ற ஒழுங்குதான் இருக்கவில்லை.

நுவரெலியாப் பக்கம் நான்கைந்து குதிரைகள் வைத்து வாவிக்கரையில் சவாரிக்கு விடுபவர்களையும், பழைய துரை பங்களாவின் லாயத்தைத் திருத்தி இரண்டு மூன்று குதிரை வளர்ப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் உள்ளதைச் செய்யாமல் பின்னால் உள்ளதைச் செய்தால் பாதி உழைப்பு வீண்.

1. எந்த நோய் எந்த வழியில் வருகிறது

நோய்களின் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எது எதன் மூலம் பரவுகிறது என்பது தெரிந்தால் போதும். பின்னால் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

குதிரைக்காரர்கள் அதிகம் அஞ்சுவது ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற பாக்டீரியா நோய்க்கு. முதலில் காய்ச்சல், தீனியில் வெறுப்பு. பிறகு கெட்டியான மஞ்சள் சளி. அதன் பிறகு தாடைக்கடியில் கட்டி பழுத்து உடைந்து சீழ் வடியும். தொற்றியதிலிருந்து 3 முதல் 14 நாட்களுக்குள் வெளியே தெரியும். இது காற்றில் தூரம் போகாது. மூக்கோடு மூக்கு உரசுவது, பொதுத் தண்ணீர்த் தொட்டி, வாளி, கடிவாளம், நம் கை ஆகியவைதான் இதன் வாகனங்கள்.

குதிரை இன்ஃப்ளுவென்சா வேறு சாதி. வைரஸ். 1 முதல் 3 நாட்களில் உயர்ந்த காய்ச்சலும் வறட்டு இருமலும் வரும். இருமும்போது தெறிக்கும் துளி காற்றோடு 50 மீற்றர் வரை போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஒரே லாயத்தில் சில நாட்களிலேயே எல்லாக் குதிரைகளும் இரும ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது, தோல் நோய்கள். வட்ட வட்டமாக முடி உதிரும் படர்தாமரையும், மழைக்காலத்தில் முதுகில் பொருக்குத் தட்டும் நோயும் நம் குளிருக்கும் ஈரத்துக்கும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. பிரஷ், சேணத் துணி, போர்வை வழியாகப் பரவும். படர்தாமரை மனிதருக்கும் தொற்றும். காய்ச்சலோடு வரும் வயிற்றோட்டம் நான்காவது. அதில் சல்மொனெல்லா இருக்கக்கூடும். சாணமும் மண்வெட்டியும் சப்பாத்தும் அதைச் சுமக்கும். அதுவும் மனிதரைத் தாக்கும் என்பதால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

2. நோய் வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

காய்ச்சல் கண்ட இரவில் கடை திறந்திருக்காது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடம் நுவரெலியாவிலிருந்து வளைவுப் பாதையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். முதல் சில மணி நேரம் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டு, இவற்றை ஒரு தகரப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.

டிஜிட்டல் வெப்பமானி குறைந்தது இரண்டு. வாஸ்லின். ஒருமுறை போட்டு எறியும் கையுறை ஒரு பெட்டி. தனிக் கொட்டிலுக்கு மட்டும் என்று இரண்டு வாளி, ஒரு மண்வெட்டி, ஒரு தும்புத்தடி, ஒரு பிரஷ், ஒரு தலைக்கயிறு, ஒரு சோடி இறப்பர் பூட்ஸ், ஒரு மேலங்கி. இவை அனைத்திலும் சிவப்பு இன்சுலேஷன் நாடா சுற்றியிருக்க வேண்டும். பெயர் எழுதி ஒட்டினால் மழை அழித்துவிடும். அரை இருட்டிலும் கண்ணில் படுவது சிவப்பு நாடா. சவர்க்காரத் தூளும் பிளீச்சும் தனியாக.

கடைசியாக, தொலைபேசியில் இரண்டு எண்கள்: உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகம், குதிரை பார்த்துப் பழகிய ஒரு மிருக வைத்தியர். மாடு பார்ப்பவர் எல்லோருக்கும் குதிரை பழக்கம் இருக்காது. சும்மா இருக்கும் ஒரு நாளில் பேசிப் பழகி வையுங்கள். தடுப்பூசி பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம். இன்ஃப்ளுவென்சாத் தடுப்பூசி என்றால் முதல் இரண்டு ஊசிகளுக்கு இடையே 4 முதல் 6 வாரம், பிறகு ஏறக்குறைய 6 மாதத்தில் மூன்றாவது. ஊசி போட்ட குதிரைக்கும் நோய் இலேசாக வந்து மற்றவற்றுக்குப் பரவலாம். ஆகவே ஊசி போட்டாயிற்று என்று தனிக் கொட்டிலை விறகு அறையாக்கிவிடாதீர்கள்.

3. தனிக் கொட்டிலுக்கு இடம் பார்ப்பது

சமதரையில் வாழ்பவர்கள் எழுதிய அறிவுரை இந்த இடத்தில் நமக்குப் பாதிதான் உதவும். நம் காணி சரிவு. மேலே கழுவிய தண்ணீர் கான் வழியாகக் கீழே வரும். ஆகவே தனிக் கொட்டில் சரிவின் கீழ்ப்பக்கம், மற்றக் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் பீலிக்கும் ஓடைக்கும் கீழே இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு காணியில் தனிக் கொட்டிலை மேட்டில் கட்டியிருந்தார்கள், காட்சி நன்றாக இருக்கிறது என்பதற்காக. அதன் கழிவுக் கான் நேராகப் பொதுத் தொட்டியின் பக்கத்தால் போனது.

ஸ்ட்ராங்கிள்ஸுக்கு 10 மீற்றர் இடைவெளியும் மூக்கு எட்டாத சுவரும் போதும். இன்ஃப்ளுவென்சாவுக்கு 50 மீற்றரும் அதற்கு மேலும் தேவை. சிறிய காணியில் அது முடியாது. முடிந்த மிகத் தூரமான மூலையை எடுங்கள். காற்று வரும் திசையைப் பார்க்கச் சொல்வார்கள். தென்மேல் பருவக்காற்றில் ஒரு திசை, ஆண்டுக் கடைசியில் வேறு திசை என்று மாறும் ஊரில் திசையை நம்புவதை விடத் தூரத்தை நம்புங்கள்.

தரை சீமெந்தாக இருந்தால் நல்லது, கழுவலாம். பலகைச் சுவரானால் உட்புறம் வழுவழுப்பான தகரம் அடியுங்கள். ஈரமும் நிழலும் உள்ள பலகையில் ஸ்ட்ராங்கிள்ஸ் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். குளிர்கிறதே என்று காற்று வழியை முழுவதும் படங்கால் அடைத்துவிடுவது நம்மவர் பழக்கம். செய்யாதீர்கள். மூத்திர ஆவி தேங்கினால் குதிரையின் சுவாசக் குழாய் புண்ணாகி, இருமல் இரட்டிப்பாகும். காற்றை விட்டுவிட்டுக் குதிரைக்குப் போர்வை போடுங்கள்.

4. வெப்பமானியும் கொப்பியும்

ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஸ்ட்ராங்கிள்ஸில் காய்ச்சல் ஏறிய பிறகு இரண்டு மூன்று நாட்கள் கழித்துத்தான் குதிரை கிருமியை வெளியே விட ஆரம்பிக்கும். சளி ஒழுகும்வரை காத்திருப்பவர் அந்த நாட்களை இழக்கிறார். வெப்பமானி வைப்பவர் காய்ச்சல் கண்ட அன்றே குதிரையைப் பிரித்து, மற்றவற்றைக் காப்பாற்றிவிடுகிறார். இன்ஃப்ளுவென்சா இந்த அவகாசத்தைத் தராது. காய்ச்சலோடேயே பரவத் தொடங்கிவிடும். அங்கேயும் ஒரு நாள் முந்துவது இலாபம்தான்.

வளர்ந்த குதிரையின் இயல்பான உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 பாகை செல்சியஸ். பரனைட்டில் ஏறக்குறைய 99 முதல் 101. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நமக்கு 101 என்றால் காய்ச்சல், குதிரைக்கு அது இயல்பின் மேல் எல்லை. 100 காட்டியது என்று பதறி நள்ளிரவில் என்னை எழுப்பியவர்கள் உண்டு. 38.5 செல்சியஸைத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுங்கள். குழப்பம் வேண்டாமென்றால் லாயத்தில் ஒரே அளவை மட்டும் பயன்படுத்துங்கள்.

எடுக்கும் முறை: வெப்பமானியின் வெளியே நிற்கும் பின்பக்கத்தில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் உடுப்புக் காயப்போடும் கிளிப்பை மாட்டி, அதை வாலில் கவ்வ விடுங்கள். இல்லாவிட்டால் வெப்பமானி உள்ளே போய்விடும் அல்லது வைக்கோலில் விழுந்து மிதிபடும். நீங்கள் நிற்பது குதிரையின் இடது பின்தொடைக்குப் பக்கத்தில், உடம்போடு ஒட்டி. நேர் பின்னால் நிற்காதீர்கள். வாலை மெல்ல விலக்கி, முனையில் வாஸ்லின் தடவி, ஆசனவாயில் சற்றுச் சாய்வாக உள்ளே வைத்து, பக்கச் சுவரைத் தொடும்படி பிடியுங்கள். நடுவில் சாணத்துக்குள் குத்திவிட்டால் குறைத்துக் காட்டும். சத்தம் கேட்டதும் எடுத்து, துடைத்து, கிருமிநாசினியில் நனைத்து, எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள்.

காலை தீனிக்கு முன், வேலைக்குப் போகும் முன் எடுங்கள். சவாரி போய் வந்ததும் எடுத்தால் இயல்பாகவே உயர்ந்திருக்கும். மாலையில் சற்றுக் கூடும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் ஒவ்வொரு குதிரைக்கும் அதனதன் வழக்கம் தெரிந்துவிடும். எப்போதும் 37.4 காட்டும் குதிரை ஒரு காலை 38.2 காட்டினால், எல்லைக்குள்தானே என்று விடாதீர்கள். மாலையில் மறுபடியும் எடுங்கள். கொப்பி இல்லாமல் இது தெரியாது, நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்களின் நினைவை நான் நம்புவதில்லை.

5. புதிய குதிரை: 21 நாட்கள்

நுவரெலியாவில் ஏப்ரல் வந்தால் பந்தயம், வசந்த காலக் கூட்டம், சவாரிக்குக் கூடுதல் குதிரை என்று லொறிகள் ஏறி வரும். அந்த அவசரத்தில் புதிய குதிரையை அன்றிரவே மற்றவற்றோடு கட்டிவிடுவதுதான் எல்லாத் துன்பத்துக்கும் தொடக்கம்.

வெளியிலிருந்து வரும் எந்தக் குதிரையும், வாங்கியதோ, இரவலோ, பயிற்சிக்குப் போய்த் திரும்பியதோ, 21 நாட்கள் தனிக் கொட்டிலில் இருக்க வேண்டும். ஸ்ட்ராங்கிள்ஸ் வெளிப்பட எடுக்கும் காலம் பெரும்பாலும் 14 நாட்களுக்குள் முடிந்துவிடும். மேலும் ஒரு வாரம் பாதுகாப்புக்கு. தினம் இருமுறை வெப்பம், தினம் ஒருமுறை தாடைக்கடியில் கையால் தடவிப் பார்த்தல், தோலைப் பார்த்தல். இரண்டாவது குதிரை பத்தாம் நாளில் வந்து அதே கொட்டிலில் சேர்ந்தால், இரண்டுக்கும் எண்ணிக்கை முதலாம் நாளிலிருந்து மீண்டும் தொடங்கும். இதைச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. ஆனால் கணக்கு அதுதான்.

பார்வைக்கு நல்ல குதிரைதானே என்பது இதில் எடுபடாது. ஸ்ட்ராங்கிள்ஸ் வந்து தேறிய சில குதிரைகளின் தொண்டைக்கு மேலே உள்ள காற்றுப் பையில் சீழ் காய்ந்து உருண்டையாகத் தங்கிவிடும். அந்தக் குதிரை இருமாது, தின்னும், ஓடும். மாதக்கணக்கில் கிருமியையும் விட்டுக்கொண்டிருக்கும். விற்பவரிடம் முன்பு கட்டி வந்ததா என்று நேராகக் கேளுங்கள். வந்ததென்றால், சேர்க்கும் முன் அந்தப் பையைப் பரிசோதிப்பது பற்றி வைத்தியரிடம் பேசுங்கள்.

6. வேலையின் வரிசை

ஆரோக்கியமான குதிரைகள் முதலில், அவற்றிலும் குட்டிகளும் சினையானவையும் எல்லாவற்றுக்கும் முன்னால். அடுத்து, நோயாளியோடு மூக்கு உரசியிருக்கக்கூடிய சந்தேகக் குதிரைகள். பிறகு தனிக் கொட்டிலில் நோய்க்குறி இல்லாத புதியவை. கடைசியாக நோயாளி. தீனி, தண்ணீர், சாணம் அள்ளல், தடவுதல், மருந்து எல்லாம் இதே வரிசையில். நோயாளியைப் பார்த்த பின் ஆரோக்கியமான பக்கம் திரும்பிப் போவதில்லை, குளித்து உடை மாற்றினால் தவிர.

மனம் இதற்கு எதிராகத்தான் வேலை செய்யும். விடிந்ததும் கால் தானாகவே நோயாளியைப் பார்க்க ஓடும். இரவு எப்படி இருந்ததோ என்ற கவலை. அந்த ஓட்டத்தை நிறுத்த நான் செய்தது சிறிய வேலை: நோயாளியின் கொட்டில் திறப்பை, மற்றக் குதிரைகளுக்குத் தீனி போடும் பெட்டிக்குள் அடியில் வைத்தேன். தீனி போட்டு முடிந்தால்தான் திறப்பு கைக்கு வரும். தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

ஆள் இருந்தால் நோயாளிக்கு ஒருவரை ஒதுக்கிவிடுங்கள். அவர் மற்ற எந்தக் குதிரையையும் தொடக்கூடாது. மற்றக் குதிரை தும்பு அறுத்து ஓடினாலும் வேறு ஒருவர்தான் பிடிக்க வேண்டும்.

7. வாளி, தண்ணீர், பிரஷ்

ஒரு குதிரைக்கு ஒரு வாளி. பொதுத் தொட்டியை நோய்க் காலத்தில் காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். ஸ்ட்ராங்கிள்ஸ் கிருமி தண்ணீரில் வாரக்கணக்கில் தங்கும்.

வாளி நிரப்பும்போது குழாயின் நுனியை வாளிக்குள் அமிழ்த்துவது எல்லோரும் செய்யும் பிழை. ஒரு வாளித் தண்ணீரில் நனைந்த நுனி அடுத்த வாளிக்குக் கிருமியைக் கொண்டுபோகும். நுனியை ஒரு சாண் மேலே பிடித்து ஊற்றுங்கள், சத்தமும் தெறிப்பும் இருந்தால் இருக்கட்டும்.

கடிவாளம், தலைக்கயிறு, பிரஷ், வியர்வைத் துணி எதுவும் கைமாறக்கூடாது. மழைக்காலத்தில் சேணத் துணி காயாது என்று மற்றக் குதிரையின் காய்ந்த துணியைப் போடுவார்கள். படர்தாமரை அப்படித்தான் லாயம் முழுவதும் சுற்றியது ஒரு வருடம். முதுகில் பொருக்கு இருந்து, அதை எடுத்தால் முடிக்கற்றையோடு சின்னத் தூரிகை போலக் கழன்று வந்தால், அது மழைச் சொறி. நனைந்த போர்வையை எடுத்துவிட்டு, முதுகைக் காயவைத்து, பொருக்குகளை ஒரு பையில் சேர்த்து எரித்துவிடுங்கள். தரையில் தட்டிவிடாதீர்கள்.

8. கழுவும் முறை, அதன் ஒழுங்கு

சாணத்தின் மேல் பிளீச் ஊற்றுவது பணத்தை ஊற்றுவது. சாணமும் சீழும் மண்ணும் பிளீச்சைச் செயலிழக்கச் செய்துவிடும். வரிசை இப்படி: முதலில் படுக்கைத் தூளையும் சாணத்தையும் முழுதாக அள்ளுங்கள். அடுத்து சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். நல்ல தண்ணீரால் அலசுங்கள். காய விடுங்கள், ஈரத் தரையில் ஊற்றினால் மருந்து மேலும் நீர்த்துவிடும். அதன் பிறகுதான் கிருமிநாசினி: கடைகளில் கிடைக்கும் 5 சதவீத அளவுள்ள திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 10 பங்கு. 10 நிமிடமாவது மேற்பரப்பு நனைந்தே இருக்க வேண்டும். பிறகு அலசி, மீண்டும் காய விடுங்கள்.

காய விடுவதுதான் மலையில் கடினம். மூடுபனி இறங்கிய நாளில் காலையில் கழுவியது மாலையிலும் ஈரமாகத்தான் இருக்கும். வெயில் தலைகாட்டும் நாளுக்காகப் பெரிய கழுவலை ஒதுக்கி வைத்து, அதுவரை அந்தக் கொட்டிலைக் காலியாக விடுங்கள். கலந்த பிளீச்சை மறுநாளுக்கு வைக்காதீர்கள், வீரியம் குறையும். வேறு கழுவு திரவங்களோடு கலக்கவே வேண்டாம், விஷவாயு கிளம்பும். குதிரை உள்ளே நிற்கும்போது தெளிக்காதீர்கள்.

வாசலில் காலை நனைக்கும் தொட்டி வைத்துவிட்டால் நிம்மதி என்று நினைப்பவர்கள் அதில் மிதக்கும் சேற்றைப் பார்ப்பதில்லை. சேறு விழுந்த அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீர். தனிக் கொட்டிலுக்கென்று தனி பூட்ஸ் வைப்பது அதைவிட மேல்.

9. காய்ச்சல் கண்ட முதல் நாள்

38.5க்கு மேல் கண்டால் முதலில் எல்லா நடமாட்டத்தையும் நிறுத்துங்கள். எந்தக் குதிரையும் காணிக்குள் வரக்கூடாது, வெளியே போகக்கூடாது, வாவிக்கரைக்கும் சேர்த்துத்தான். நோயாளியை நகர்த்துவது அதற்கு அடுத்ததுதான். பதற்றத்தில் நோயாளியை இழுத்துக்கொண்டு மற்றவற்றின் முகங்களைக் கடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். போகும் பாதையிலிருந்து மற்றக் குதிரைகளை விலக்கிய பிறகு நடத்துங்கள். பக்கத்துக் கொட்டிலில் நின்ற குதிரையை அங்கேயே விடுங்கள், அது சந்தேகக் குழு.

பிறகு வைத்தியருக்கு அழையுங்கள், கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. எப்போது காய்ச்சல் ஏறியது, எத்தனை, இருமல் உண்டா, சளி எந்த நிறம், சாணம் எப்படி என்று சொல்ல முடிந்தால் அவர் தொலைபேசியிலேயே பாதி வேலையை முடிப்பார். வீட்டில் மிச்சம் இருந்த அன்டிபயோட்டிக் ஊசியைப் போடாதீர்கள், நோயையும் மறைத்துவிடும். தாடைக் கட்டியைக் கத்தியால் கீறவும் வேண்டாம். தானாக உடைந்தால் கையுறையோடு பஞ்சில் சீழை வாங்கி, பையில் கட்டி, எரித்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எச்சில் வடித்துக்கொண்டு, விழுங்க முடியாமல், தடுமாறி நிற்கும் குதிரையின் வாய்க்குள், ஏதாவது அடைத்திருக்கிறதா என்று கையை விடாதீர்கள். இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் இருக்கிறது, அது குதிரைக்கும் வரும். விலகி நின்று வைத்தியரை அழையுங்கள்.

அயலில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு அன்றே சொல்லிவிடுங்கள். சொன்னால் சீசன் வருமானம் போய்விடும் என்று மறைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் மறைத்தவரின் லாயத்திலிருந்து எனக்கு வந்த நோயைக் கழுவி முடிக்க இரண்டு மாதம் ஆனது என்பதும் எனக்குத் தெரியும்.

10. வெளியாட்கள்

லாடம் அடிப்பவர் ஒரே நாளில் நான்கு காணிகளுக்குப் போகிறார். கருவிகளைக் கழுவித் தொடங்கச் சொல்லுங்கள், கைக்குச் சவர்க்காரமும் தண்ணீரும் நீங்களே வையுங்கள். மரக்கறித் தோட்டத்துக்குச் சாணம் ஏற்ற வரும் டிராக்டர் லாயம் வரை வரவேண்டியதில்லை, சாணத்தை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். நோயாளியின் சாணத்தை விற்க வேண்டாம், தனியே மக்க விடுங்கள். புல்லுக்கட்டுக் கொண்டுவருபவரும் வாசலோடு சரி.

கிரகரி வாவிக்கரையில் நிற்பவர்களுக்கு: பயணிகள் ஒரு கட்டு கரட் வாங்கி, ஒரு குதிரைக்குக் கொடுத்து, ஈர மூக்கைத் தடவி, அதே கையோடு அடுத்த குதிரைக்குப் போவார்கள். பிள்ளைகள் ஒரே கரட்டை இரண்டு குதிரைகளுக்குப் பாதி பாதியாகக் கடிக்கக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு தட்டில் வெட்டி வைத்து, உங்கள் குதிரைக்கு நீங்களே கொடுங்கள். ஒரே கம்பத்தில் வேறு லாயத்துக் குதிரையோடு மூக்கு எட்டும் தூரத்தில் கட்டாதீர்கள்.

11. எப்போது திறப்பது

இருமல் நின்றுவிட்டது, தீனி தின்கிறது என்பதால் கொட்டிலைத் திறந்துவிடக்கூடாது. இன்ஃப்ளுவென்சாவானால், கடைசியாக நோய்ப்பட்ட குதிரையின் காய்ச்சல் இறங்கி இரண்டு வாரமாவது ஆக வேண்டும். அந்தக் குதிரையைச் சவாரிக்குச் சேர்க்க, காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு கணக்கு. முந்தினால் பாதிப்பு நுரையீரலில் தங்கிவிடும்.

ஸ்ட்ராங்கிள்ஸ் தேறிய பின்னும் பல குதிரைகள் வாரக்கணக்கில் கிருமியை விடும். ஆகவே கண்ணால் முடிவு செய்யாதீர்கள். ஒரு வார இடைவெளியில் மூன்று முறை தொண்டையைக் கழுவி எடுத்த நீரைப் பரிசோதிப்பது, அல்லது காற்றுப் பையையே உட்காட்டியால் (உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் குழாய்) பார்த்துக் கழுவி எடுப்பது என்று இரண்டு வழிகள் உண்டு. எது என்பதை வைத்தியர் சொல்வார். அவர் சரி என்று சொன்ன நாளில், குதிரையை மாற்றும் முன் கொட்டிலை எட்டாம் பகுதியின்படி கழுவுங்கள்.

சிவப்பு நாடா சுற்றிய வாளிகளையும் பிரஷையும் மற்றவற்றோடு சேர்த்துவிடாமல், கழுவிக் கவிழ்த்துத் தனிக் கொட்டிலின் ஆணியிலேயே மாட்டி வையுங்கள். கையுறைப் பெட்டி காலியாகியிருந்தால் அன்றே வாங்கிவிடுங்கள். கொப்பியில் அடுத்த காலையின் தேதியைப் போட்டு, எல்லாக் குதிரைகளின் பெயரையும் எழுதி, வெப்பமானியை எடுங்கள்.